அட்மின்களுக்கு யார் பாடம் எடுப்பது?

நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் ஒழுங்காக நடந்துகொள்ளத் தெரியவில்லையாம். கண்டுபிடித்துவிட்டார்கள். கல்வித் துறை, காவல் துறை, ஒன்றிய அமைச்சகம், சமூக ஊடக நிறுவனம், தொண்டு நிறுவனம், அரிமா சங்கம் என்று கண்டுபிடித்தவர்களின் வரிசை, எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி வரிசையைவிட நீளம்.

ராயபுரமோ திருவொற்றியூரோ, எந்தப் பள்ளியானாலும் காட்சி ஒன்றுதான். வாசலில் ஃபிளெக்ஸ். அதில் பிள்ளைகளின் படம் தபால்தலை அளவு, பிரமுகரின் படம் ஆளுயரம். குத்துவிளக்கு, பொன்னாடை, அப்புறம் உறுதிமொழி. ‘இணையத்தில் கண்ணியம் காப்பேன். அடுத்தவர் அனுமதியின்றி அவர் படத்தைப் பகிர மாட்டேன்.’ பிள்ளைகள் கையை நீட்டிச் சொல்கிறார்கள். பிரமுகர் அதை வீடியோ எடுக்கிறார். ஒரு முகத்தையும் மறைக்காமல், ஒரு பெற்றோரையும் கேட்காமல், மேடையை விட்டு இறங்கும் முன்பே ஃபேஸ்புக்கில் ஏற்றிவிடுகிறார். முதல் பாடம் முடிந்தது.

சரி, பிள்ளைகளைத் திருத்தக் கிளம்பியிருக்கும் பெரியவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிடுவோம்.

2018 மார்ச். திரிபுராவில் லெனின் சிலை சாய்க்கப்பட்டது. இன்று லெனின், நாளை பெரியார் என்ற தொனியில் பாஜகவின் எச். ராஜாவின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. தமிழ்நாடு கொதித்தது. பதிவு மறைந்தது. போட்டது நானில்லை, அட்மின் என்றார் அவர். அன்றைக்குப் பிறந்த அந்த அட்மினுக்கு முகம் கிடையாது, முகவரி கிடையாது, எந்தப் பள்ளியில் படித்தார் என்றும் தெரியாது. 2024 டிசம்பரில் சென்னை சிறப்பு நீதிமன்றம் அந்த வழக்கில் ராஜாவுக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. மேல்முறையீட்டுக்காகத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அட்மின் இன்னும் தலைமறைவு.

ராஜா பக்கத்துப் பதிவுக்கு அடுத்த மாதமே, அப்போது பாஜகவில் இருந்த நடிகர் எஸ்.வி. சேகர். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றைப் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். அன்றைக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்தார், அதனால் படிக்க முடியவில்லை என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறை, 15,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கண்ணுக்கு மருந்து, விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுப்பாடம் எழுதாத ஏழாம் வகுப்புப் பையன் இந்தச் சாக்கைச் சொல்லியிருந்தால் வகுப்புக்கு வெளியே நின்றிருப்பான்.

இது ஒரு கட்சி வியாதி என்று மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். எல்லாக் கட்சியிலும் தகவல் தொழில்நுட்ப அணி உண்டு. பொறுப்பாளர், துணைப் பொறுப்பாளர், ஒன்றியம், வட்டம் என்று பதவிகள் உண்டு. ஒரு பெண் கேள்வி கேட்டுவிட்டால் போதும். அவள் நடத்தையில் தொடங்கி அவளைப் பெற்றவளில் போய் முடிக்கும் பட்டாளம் எந்தத் தலைவரிடம் இல்லை? அந்தத் தலைவர்கள்தான் ‘இளைய தலைமுறை இணையத்தைப் பொறுப்புடன் பயன்படுத்த வேண்டும்’ என்று நமக்கு அறிக்கை விடுகிறார்கள். அதையும் அட்மின்தான் எழுதுகிறார்.

ஏச்சோடு நின்றாலாவது பரவாயில்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் இறங்கிவிட்டது என்று தமிழ்நாட்டு வாட்ஸ்அப்களில் ஒரு பொய் ஓடியது. சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடப் போன 65 வயது மூதாட்டி, போளூர் அருகே அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றார்கள். அதே வாரம், எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில், அங்கே சுற்றித் திரிந்த ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். கட்டையெடுத்தது ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவு இல்லை. ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வைத்திருக்கும் குடிமக்கள். அந்தப் பொய்யைக் குடும்பக் குழுவில் தள்ளிவிட்ட சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் இன்றைக்கும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ போட்டு வணக்கம் வைக்கிறார்கள். அவர்களுக்கு எந்த முகாமும் நடக்கவில்லை. எந்த உறுதிமொழியும் இல்லை.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டிக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் கிளம்பின. வடசென்னையின் கட்டடங்களும் ஆலைகளும் கிடங்குகளும் யார் தோளில் நிற்கின்றன என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தொழிலாளர்கள் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு ‘உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. தமிழ்நாடு போலீஸ் வழக்குப் போட்டது யார் மேல்? ஓர் இந்தி நாளிதழின் ஆசிரியர். வழக்கறிஞரான ஒரு கட்சிப் பேச்சாளர். யூடியூபர்கள். மெத்தப் படித்தவர்கள். ஹோம்வொர்க் எழுதாமல் ரீல்ஸ் பார்த்த பிள்ளை ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

இனி பாடப்புத்தகம் எழுதுபவர்களைப் பார்ப்போம். 2020 ஜூலையில் சிபிஎஸ்இ, மாணவர்களுக்கு இணையப் பாதுகாப்பும் மனநலமும் கற்பிக்கப் பாடத்திட்டம் ஒன்றை அறிவித்தது. யாரோடு கைகோத்து? ஃபேஸ்புக்கோடு. ஒன்றிய அமைச்சரே பாராட்டினார். அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு, தன் உடலைப் பற்றிய தாழ்வுணர்ச்சியை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். எழுதிவைத்த ஆண்டு 2019. பிள்ளைகளைப் பாதுகாக்க நாம் அந்த நிறுவனத்தை அழைத்து உட்காரவைத்த ஆண்டு 2020.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று சட்டத்தை அமல்படுத்தியது. மீறினால் அபராதம் நிறுவனத்துக்கு. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. அந்தத் தடை சரியா, நடக்குமா என்பது தனி விவாதம். ஆனால் கூண்டில் யாரை நிற்கவைக்க வேண்டும் என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் பிள்ளைகளை நிற்கவைத்து உறுதிமொழி வாங்குகிறோம்.

நம் அரசு மட்டும் சும்மா இருக்குமா? 2021 மே, ஊரடங்குக் காலம். சென்னையின் பேர்பெற்ற தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியர், ஆன்லைன் வகுப்புக்குத் துண்டோடு வந்தார், மாணவிகளுக்கு ஆபாசச் செய்தி அனுப்பினார் என்று புகார் எழுந்தது. போக்சோவில் கைதானார். அந்தப் புகார் வெடித்த இடம் தலைமையாசிரியர் அறை இல்லை. இன்ஸ்டாகிராம். நாம் எதைப் பார்த்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோமோ, அதே இன்ஸ்டாகிராம். மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் ஒருவருக்கொருவர் துணை நின்று அங்கே பேசினார்கள். அரசு பதறி வழிகாட்டு நெறிமுறை போட்டது. வகுப்புகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்றது. நல்லது. கூடவே, ஆன்லைன் வகுப்பில் ஆசிரியரோடு மாணவர்களும் கண்ணியமான உடை அணிய வேண்டும் என்றது. துண்டு ஆசிரியருடையது. உடைக் கட்டுப்பாடு மாணவிக்கும் சேர்த்து.

அடுத்த பாடம்: ஓடிபி. ‘யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே’ என்பது இணையப் பாதுகாப்பின் அரிச்சுவடி. வங்கி சொல்கிறது, போலீஸ் சொல்கிறது, பள்ளியும் சொல்கிறது. 2024 கோடையில் பள்ளிக் கல்வித் துறை, பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பத் திட்டம் தீட்டி, மாணவர் விவரங்கள் இருக்கும் எமிஸ் தளத்தில் உள்ள செல்பேசி எண்களையெல்லாம் சரிபார்க்கச் சொன்னது. எப்படி? ஓடிபி மூலம். கேட்க வேண்டியது யார்? ஆசிரியர். லீவு நாளில் ஆசிரியை காசிமேட்டு அம்மாவுக்குப் போன் போட்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

“அம்மா, ஸ்கூல்லேர்ந்து டீச்சர் பேசறேன். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்கம்மா.”

“இன்னா டீச்சர், அத்த யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே எம் பொண்ணுக்கு சொல்லிக்குடுத்தீங்க?”

ஆசிரியை என்ன சொல்வார்? ‘அது வேற ஓடிபி, இது வேற ஓடிபி’ என்றா? மோசடிக்காரனும் அதைத்தானே சொல்கிறான்? பல பெற்றோர் நம்பரைச் சொல்ல மறுத்தார்கள். ஆசிரியர்கள் திண்டாடினார்கள். தமிழ்நாட்டில் இணையப் பாதுகாப்புக் கல்வி வெற்றி பெற்றதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் இதுதான். அந்த வெற்றிக்குத் தண்டனை, ஆசிரியருக்கு மேலதிகாரியிடமிருந்து ‘எத்தனை சதவீதம் முடிந்தது?’ என்ற மெசேஜ்.

அந்தத் தாயின் சந்தேகம் வீண் இல்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் எந்தப் பெற்றோருக்குத் தனியார் கல்லூரியிலிருந்து போன் வரவில்லை? பிள்ளையின் பெயர், படித்த பள்ளி எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மாணவர் விவரங்கள் விலைக்குப் போகின்றன என்று 2024இல் செய்தி வந்து பள்ளிக் கல்வித் துறையே போலீசுக்குப் போனது. அதே ஆண்டு மே மாதம் காவல் துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே எவனோ புகுந்து தகவலை அள்ளினான். 2021இல் நம் ரேஷன் தளத்திலிருந்து ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரம் கசிந்ததாக ஒரு தனியார் நிறுவனம் சொன்னது. கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் பாடம் நடத்துபவர்கள் இவர்கள்தான்.

சட்டம் இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைத் தொட வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிரமாதம். அதே சட்டம், தன் அமைப்புகளில் எதை வேண்டுமானாலும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ள ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதே சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் வெட்டிச் சுருக்கியது. நம் தகவல் அரசுக்குத் திறந்த வீடு. அரசின் தகவல் நமக்குப் பூட்டிய வீடு.

காசு இல்லாமலும் இல்லை. இந்திய தணிக்கைத் துறை சொன்ன கணக்கு: சுமார் 68 கோடி ரூபாய்க்கு வாங்கிய 55,000 மடிக்கணினிகள் கொடுக்கப்படாமலே கிடந்தன. பிள்ளைகள் பொறுப்பில்லாமல் கணினியைப் பயன்படுத்துகிறார்கள் என்ற குறை நமக்கு. பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தவர்களைப் பற்றி என்ன குறை சொல்வது? இருந்த காசின் கதை இது என்றால், வராத காசின் கதை வேறு: பள்ளிக் கல்விக்காகத் தமிழ்நாட்டுக்கு 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பணமாம். டெல்லியும் சென்னையும் எக்ஸ் தளத்தில் கட்டிப் புரண்டன. எழுதிய மொழியைப் படித்தவர்களுக்குத் தெரியும், இணைய நாகரிகப் பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று.

இப்போது எண்ணூருக்கு வாருங்கள். 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டின் செல்பேசிகள் ஒரே நேரத்தில் அலறின. பேரிடர் எச்சரிக்கைச் சோதனையாம். பயப்படாதீர்கள், ஆபத்து வந்தால் இப்படித்தான் எச்சரிப்போம் என்றார்கள். 67 நாள் கழித்து, டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்களை எழுப்பியது செல்பேசி இல்லை. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் எழுப்பின. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில். ஒரு கனமீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராம் அம்மோனியா இருக்கலாம் என்ற இடத்தில், ஆலை வாசலில் அளந்தபோது 2,090. சோதனைக்கு அலறத் தெரிந்த செல்பேசிக்கு, சாகக் கிடக்கும்போது அலறத் தெரியவில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்பு மிக்ஜாம் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர், கொக்கின் இறக்கை எல்லாம் கறுப்பு. பொதுத்துறை எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான சிபிசிஎல் முதலில் எங்களுடையது இல்லை என்றது. உலகத்துக்கு உண்மையைக் காட்டியது முகத்துவாரத்து மீனவர் கையில் இருந்த செல்பேசி. உறுதிமொழி எடுக்காத கைகள் அவை. இணைய ஒழுக்கக் கையேடு படிக்காத கைகள். பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடம் நடத்துகிறவர்கள், ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் மறுப்பறிக்கையை உதாரணமாக எடுத்துக்கொள்வார்களா?

2024 அக்டோபர் 25. திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ நெடி அடித்து, பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். பேரிடர் மீட்புப் படை வந்தது, கருவிகள் வந்தன. ஆபத்தான வாயு எதுவும் பிடிபடவில்லை என்றார்கள். நவம்பர் 4 அன்று பள்ளி திறந்தது. மறுபடியும் மாணவிகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பெற்றோர் வாசலில் நின்று கத்தினார்கள். கத்துவது நாகரிகமில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

இங்கேதான் இந்தப் பாடத்தின் குட்டு வெளிப்படுகிறது. மரியாதையாகப் பேசு, பகிர்வதற்கு முன் யோசி, சர்ச்சையில் மாட்டாதே என்கிறது கையேடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராக மனு மேல் மனு கொடுத்து அலுத்துப்போன ஒரு குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகளோடு நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்து மாண்டது. கார்ட்டூனிஸ்ட் பாலா முதல்வரையும் ஆட்சியரையும் காவல் ஆணையரையும் வரைந்து இணையத்தில் போட்டார். நவம்பர் 5 அன்று அவரைக் கைது செய்தார்கள். பாய்ந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஆபாசப் பிரிவு. குழந்தைகள் எரிந்தது ஆபாசமில்லை. வரைந்ததுதான் ஆபாசம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தபோது அரசு முதலில் எதை நிறுத்தியது? மூன்று மாவட்டங்களின் இணையத்தை.

எல்லாம் பெரியவர்கள் குற்றம், பிள்ளைகளுக்கு எதுவுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும். படத்தை வெட்டி ஒட்டி மிரட்டுகிறவனிடம் தனியாக மாட்டிக்கொண்டு அழும் பெண் பிள்ளை நம் தெருவிலும் இருக்கிறாள். கையில் சாதிக் கயிறு கட்டி ரீல்ஸ் போடும் பையன் இருக்கிறான். 2024ஆம் ஆண்டுக்கான ஏசர் கல்வி அறிக்கையில், கிராமப்புற 14-16 வயதினரில் 76 சதவீதம் பேர் சமூக ஊடகத்துக்காகவும் 57 சதவீதம் பேர் படிப்புக்காகவும் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தியது தெரிந்தது. சமூக ஊடகத்தில் இருப்பவர்களிலும் தொல்லை தரும் கணக்கைத் தடுக்கவோ புகார் சொல்லவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம்தான். மீதிப் பேருக்கு யாராவது சொல்லித்தரத்தான் வேண்டும்.

ஆனால் எதைச் சொல்லித்தருவது? பணம் பறிபோனால் 1930க்குப் போன் போடவும், யாராவது சீண்டினால் 1098க்குப் போன் போடவும் சொல்லிக்கொடுங்கள். மிரட்டலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கச் சொல்லிக்கொடுங்கள். ராயபுரத்திலும் மணலியிலும் கொடுங்கையூரிலும் காற்றை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அந்த அளவுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் வருகின்றன. கணினி வகுப்பில் அதைத் திறந்து, நேற்று இரவு என்ன அளவு என்று எழுதிவரச் சொல்லுங்கள். தகவல் அறியும் உரிமை மனுவை ஆன்லைனில் எழுதப் பழக்குங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு எப்படி என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் பதில் வராது.

இதையெல்லாம் எந்தப் பிரமுகரும் மேடை போட்டு நடத்த மாட்டார். பொன்னாடைக்காரர்கள் விரும்பும் பிள்ளை வேறு. ஓடிபி கேட்டால் கொடுக்கும், படம் எடுத்தால் சிரிக்கும், நெடி அடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளும். அப்படி அடக்கமான பிள்ளைகளை உருவாக்குவதில் நம் பள்ளிகளுக்கு நூறு வருட அனுபவம் உண்டு. அதற்குப் புதிதாக ஒரு பாடம் எதற்கு?

ஆசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கமாகப் பேசும் பிள்ளைகளுக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஏன்?’ என்று கேட்கும் பிள்ளைக்குத்தான் பஞ்சம். அப்படி ஒன்று உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ எழுந்து நின்றால், தயவுசெய்து, நாகரிகம் என்ற பெயரைச் சொல்லி அதை உட்காரவைத்துவிடாதீர்கள்.